பதினாறு நாள் கிணற்று அளவு

நம் வயதுக்காரர்கள் யாராவது இதை மறுத்தால் சொல்லுங்கள். பரீட்சைத் தாளில் எதையும் காலியாக விடக் கூடாது என்றுதானே நம்மை வளர்த்தார்கள்? பதில் தெரியாவிட்டால் கேள்வியையே திருப்பி எழுது, அரை மார்க்காவது விழும் என்பார்கள். எங்கள் சயின்ஸ் சார் திருப்பதிப் பக்கத்துக்காரர். தெலுங்கிலேயே மிரட்டுவார்: “காளி வதலொத்து, ஏதோ ஒகட்டி ராயி.” காலியாக விடாதே, ஏதோ ஒன்றை எழுது. பள்ளிக்கூடத்தில் நான் ஒழுங்காகப் படித்துத் தொலைத்தது அந்த ஒரு பாடத்தைத்தான். அதில் என் பெரியப்பா மகளின் படிப்பு போயிற்று. இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன். திட்டுவதாக இருந்தால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

எங்கள் ஊர் ஆந்திர எல்லையில், நாகலாபுரத்திலிருந்து உள்ளே தள்ளி. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, மாட்டை அதட்டும்போது இரண்டும். நான் ஏழாவது, அக்கா ஒன்பதாவது. அக்கா என்றால் பெரியப்பா மகள்தான்; எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் ஒரே வாசல். ஊருக்குக் கேபிள் டிவி வந்திருந்த சமயம். வீட்டுக்கு ஒருவர் மெட்ராசுக்கோ பெங்களூருக்கோ குவைத்துக்கோ பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் சாருடைய மச்சான் கம்ப்யூட்டர் வேலைக்கு டென்மார்க் போயிருந்தார். அவர் பிள்ளை படித்த பள்ளிக்கூடத்தில், வேறு தேசத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து தண்ணீர் ஆராய்ச்சி செய்ய ஒரு பள்ளிக்கூடம் தேடியிருக்கிறார்கள். அந்த ஊரிலும் குடிக்கிற தண்ணீர் பூமிக்குள்ளிருந்துதான் எடுக்கிறார்களாம். மச்சான் எங்கள் சாரைக் கை காட்டிவிட்டார்.

வேலை இவ்வளவுதான். இரண்டு பள்ளிக்கூடமும் ஒரு வருஷத்துக்குத் தினமும் ஒரு கிணற்றை அளக்க வேண்டும். விளிம்பிலிருந்து தண்ணீர் எத்தனை மீட்டர் கீழே இருக்கிறது என்று நோட்டில் எழுத வேண்டும். அளவுகளை ஒருவருக்கொருவர் அனுப்பி, ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்று இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்து கண்டுபிடிக்க வேண்டும். அளப்பதற்கு மஞ்சள் கலரில் ஐம்பது மீட்டர் டேப் ஒன்று பார்சலில் வந்தது. பிரித்தபோது வந்த புது ரப்பர் வாசனைக்காகவே நாங்கள் வரிசையில் நின்று முகர்ந்து பார்த்தோம். சார் அதன் நுனியில் ஒரு இரும்பு போல்ட்டைக் கட்டினார். போல்ட் தண்ணீரைத் தொடும்போது ‘டொப்’ என்று ஒரு சத்தம் வரும். அந்த நொடியில் டேப்பைப் பிடித்து நிறுத்திப் படிக்க வேண்டும்.

முதல் வாரம் ஆளுக்கொரு நம்பர் சொன்னோம். ஒருவனுடைய அளவுப்படி கிணறு நிரம்பி வழிந்திருக்க வேண்டும். அக்கா மட்டும் கிணற்று ஓரத்தில் குப்புறப் படுத்து, கண்ணை மூடிக்கொண்டு டேப்பை விடுவாள். சத்தம் கேட்டதும் மேலே தூக்குவாள், மறுபடியும் விடுவாள். மூன்று தடவை. மூன்றும் ஒன்றாக வந்தால்தான் எழுதுவாள். ஒன்று பிசகினாலும் முதலிலிருந்து ஆரம்பிப்பாள். பார்த்துக்கொண்டிருக்கிற எங்களுக்குக் கொட்டாவி வரும். வயல் கிணறு, சுற்றுச்சுவர் கிடையாது. ஆட்கள் வந்து தண்ணீரைக் கலக்குவதற்கு முன்னால் எடுக்க வேண்டும் என்று விடியற்காலை ஐந்தரை மணி என்று வைத்திருந்தார்கள். முதல் வாரத்துக்கப்புறம் அவள் மட்டும்தான் போனாள். பாவாடை முழுக்க ஈர மண்ணோடு அவள் வீடு திரும்பும்போதுதான் நான் பாயிலிருந்து எழுந்திருப்பேன்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் சார் நோட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் புத்தூர் பிரௌசிங் சென்டருக்குப் போய் அளவுகளை அனுப்பிவிட்டு வருவார். இரண்டாவது மாதம் டென்மார்க்கிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இரண்டு கிணற்றையும் கிராஃப் போட்டு அனுப்பியிருந்தார்கள். அவர்கள் கோடு மழையோடு நிதானமாக ஏறி இறங்கியது. எங்கள் கோடு ஒரு வாரம் ஏறி, மறுவாரம் இறங்கி, ரம்பத்துப் பல் மாதிரி இருந்தது. ஏன் இப்படி என்று கேட்டிருந்தார்கள். சார் வகுப்பில் கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. சாரே சந்திரனாக இருக்கலாம் என்று சந்தேகத்தோடு சொன்னார். அக்கா எழுந்து நின்றாள்.

“சந்திரன் இல்ல சார், கரண்ட்டு.”

“கரண்ட்டா?”

“நம்ம பக்கம் மோட்டாருக்கு ஒரு வாரம் பகல் கரண்ட்டு, ஒரு வாரம் ராத்திரி கரண்ட்டு வுடறாங்க இல்ல சார்? ராத்திரி வாரத்துல விடிய விடிய எல்லா மோட்டாரும் ஓடுது. காலைல நான் போனா தண்ணி எறங்கி கெடக்குது. பகல் வாரத்துல ராத்திரி பூரா கெணறு சும்மா இருக்குது, ஊறிக்கினே இருக்குது. காலைல ஏறி இருக்குது.”

சார் சாக்பீஸை எடுத்துப் பலகையில் வாரங்களைக் கோடு போட்டுப் பார்த்தார். அத்தனை பல்லும் பொருந்தியது. அந்தப் பதிலுக்கு டென்மார்க்கிலிருந்து முப்பது பிள்ளைகள் கையெழுத்துப் போட்ட கடிதம் வந்தது. அதற்கப்புறம் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது, வேறென்ன சொல்ல? கடைசி பெஞ்சுத் தடியன்கள்கூடச் சணல் கயிற்றில் கல்லைக் கட்டிக்கொண்டு ஊரிலுள்ள கிணறு ஒன்று விடாமல் அளந்தார்கள். கை பம்பில் எத்தனையாவது அடிக்குத் தண்ணீர் வருகிறது என்று ஒருவன் மாதக்கணக்கில் எழுதி வைத்தான். சார் பிரம்பு இல்லாமல் வகுப்புக்கு வர ஆரம்பித்தார். நம் காலத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கே தெரியும்.

வருஷக் கடைசியில் இங்கிருந்து ஒரு பிள்ளையும் ஒரு வாத்தியாரும் டென்மார்க் போய்ப் பத்து நாள் இருக்கலாம் என்று எழுதி வந்தது. யார் என்பதில் பேச்சே இல்லை. பெரியப்பாதான் குதித்தார். “பொட்டப்புள்ளய கடல் தாண்டி அனுப்பறதா? இன்னா சார், ஊர்ல தலை காட்ட வாணாமா?” சார் மூன்று முறை வீட்டுக்கு வந்தார். போய் வந்தால் திருப்பதியில் காலேஜ் சீட்டும் ஹாஸ்டலும் தானே பார்த்து வாங்கித் தருவதாக மூன்றாவது முறை சொன்ன பிறகுதான் பெரியப்பா இறங்கி வந்தார். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய பெண் அதுவரைக்கும் இல்லை.

பாஸ்போர்ட் போட்டோவுக்காகத் திருப்பதி போனோம். அக்கா, பெரியப்பா, சார், அடம் பிடித்து ஒட்டிக்கொண்ட நான். காது தெரிய வேண்டும் என்று ஸ்டுடியோக்காரர் தலையிலிருந்த பூவை எடுக்கச் சொன்னார். படம் எடுத்து முடிக்கிறவரை அந்தக் கனகாம்பரத்தை அக்கா கையில் மூடி வைத்திருந்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னிடம் கேட்டாள். “அங்க கெணத்த மூடி வெச்சிருப்பாங்களாம்டி. மூடி வெச்சா டொப்புனு சத்தம் கேக்குமா?” எனக்கு எரிச்சலாக வந்தது. வழி முழுக்க எல்லாரும் அவளிடமே பேசினார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

போட்டோ எடுத்துப் பதினைந்து நாளில் அக்கா வயசுக்கு வந்தாள்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தாய்மாமன் பச்சை ஓலை வெட்டிக் கொண்டுவந்து தோட்டத்தில் குடிசை கட்டினார். பதினாறு நாள் அவள் அதற்குள்தான். தனிப் பாய், தனித் தட்டு. ஆண்கள் கண்ணில் படக் கூடாது. வயலுக்குள் காலை வைக்கக் கூடாது, கிணற்றுப் பக்கம் போகவே கூடாது, போனால் தண்ணீர் வற்றிவிடும். முதல் நாள் சாயங்காலம் ஓலை இடுக்கு வழியாக என்னைக் கூப்பிட்டாள்.

“ஏ புள்ள, இங்க வா. டேப்ப எடுத்துக்கினு போ. விடிய அஞ்சரைக்கு எழுந்துக்கோ. மூணு வாட்டி எறக்கு. மூணும் ஒண்ணா வந்தாதான் எழுதணும், இன்னா?”

“எனக்கு பயமா கீதுக்கா. அந்தக் கெணத்துக்குச் செவுரே இல்ல.”

“படுத்துக்கினு பாருடி, உழ மாட்ட. பதினாறே நாளு. என் கண்ணுல்ல?”

கையில் கொடுக்கக் கூடாது என்பதால் டேப்பையும் நோட்டையும் தரையில் வைத்தாள். பெரியம்மா வந்து அவற்றின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். “கெணத்துத் தண்ணிய அளக்கறாளாம். அளந்தா ஊறிடுமா?” என்று சிரித்தாள். திறந்திருந்த பக்கத்தில் மஞ்சள் பொட்டுப் பொட்டாக விழுந்தது. அதற்கு மேலே அக்கா கடைசியாக எழுதிய அளவு இருந்தது: 11.42.

மறுநாள் எழுந்தேன். பொய் சொல்லவில்லை, முதல் நாள் எழுந்தேன். எங்கள் வரப்பு வரை போனேன். இருட்டில் எது வயல், எது கிணறு என்று தெரியவில்லை. ஏதோ தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது, தவளையாக இருக்கும். திரும்பிப் பார்க்காமல் ஓடி வந்துவிட்டேன். நாளைக்குப் போய்க்கொள்ளலாம் என்று பாயில் படுத்தேன். ஆனால் நோட்டில் இன்றைய கட்டம் காலியாக இருந்தது. காலியாக விடலாமா? 11.43 என்று எழுதினேன். வெயில் காலம்தானே, ஒரு சென்டிமீட்டர் இறங்கியிருக்காதா?

இரண்டாவது நாள் நான் எழவே இல்லை. 11.44. அடுத்த நாள் 11.45. தூங்கி எழுந்து பல் விளக்குவதற்கு முன்னால் எழுதிவிடுவேன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பதினாறாவது நாள் 11.58.

ஒவ்வொரு நாளும் அக்கா இடுக்கு வழியாக விசாரிப்பாள். நான் நம்பரைச் சொல்வேன். ஒரு நாள் கேட்டாள்.

“ஏறலியா? பகல் கரண்ட்டு வாரமாச்சே.”

“ஏறலக்கா.”

“சத்தம் நல்லா கேட்டுதா?”

“கேட்டுதுக்கா.”

“சரி வுடு. கண்ணால பாத்தத எழுது. நாம நெனைக்கறத எழுதக் கூடாது” என்றாள். அப்போதே சொல்லியிருந்தால் நாலு அடியோடு போயிருக்கும். சார் சனிக்கிழமை நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒரு கட்டம்கூடக் காலி இல்லை என்று என் முதுகில் தட்டினார். அந்தத் தட்டு எனக்குப் பிடித்திருந்தது, அதையும் மறைக்கவில்லை.

மஞ்சள் நீராட்டு முடிந்து அக்கா பள்ளிக்கூடம் வர ஆரம்பித்த பிறகு, ஒரு திங்கட்கிழமை எங்கள் இருவரையும் எச்.எம். ரூமுக்குக் கூப்பிட்டார்கள். சார் கையில் ஒரு பிரிண்ட் இருந்தது, முகத்தில் ஈயாடவில்லை. டென்மார்க்கிலிருந்து வந்த கடிதம். மற்ற எல்லா வாரமும் ஏறி இறங்குகிற கோடு இந்தப் பதினாறு நாள் மட்டும் ஸ்கேல் வைத்த மாதிரி நேராகப் போகிறதே, என்ன நடந்தது என்று கேட்டிருந்தார்கள்.

எச்.எம். ரிட்டயர் ஆக இரண்டு வருஷம் இருந்தவர். ஏன் என்று கேட்டு ஒரு காகிதம் வந்தால் அது மெமோ. மெமோ வந்தால் எக்ஸ்ப்ளனேஷன் கொடுக்க வேண்டும், யாரையாவது பலி கொடுக்க வேண்டும். அவருக்குத் தெரிந்த உலகம் அதுதான். “வெளிநாட்டுல இருந்து எங்கொயரி வந்திருக்குது. நாளைக்கு இது மேல் ஆபீசுக்குப் போனா என் பென்ஷன் இன்னா ஆவறது?” என்று மேசையைத் தட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நீதான் அளந்தியா?”

“ஆமா சார்.”

“தெனமுமா?”

“தெனமும் சார்.”

அக்கா என் தோளில் கையை வைத்தாள். “என் தங்கச்சி பொய் எழுத மாட்டா சார். கெணத்துல இன்னாவோ நடந்திருக்குது. எனக்கு ஒரு வாரம் டைம் குடுங்க, கண்டுபிடிச்சி சொல்றேன்.”

அந்த ஒரு வாரம் அவள் பட்ட பாட்டை நான் கூடவே நடந்து பார்த்தேன். நாகலாபுரம் சப்ஸ்டேஷனுக்குப் போய் லைன்மேனிடம் கரண்ட் முறை மாறியதா என்று கேட்டாள். “ஒரு நாளும் மாறலம்மா, உனுக்கு எதுக்கு இதெல்லாம்?” என்று அவர் சிரித்தார். கிணற்றைச் சுற்றியுள்ள மோட்டார்க்காரர்களிடம் மோட்டார் எரிந்ததா, நாற்று விட்டீர்களா என்று ஒவ்வொருவராகக் கேட்டாள். டேப் நீண்டுவிட்டதோ என்று பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து மீட்டர் மீட்டராகச் சரிபார்த்தாள். வெயிலில் முகம் கறுத்துப்போயிற்று. வழியெல்லாம் எனக்கு வாய் வரை வந்தது, சொல்லவில்லை. பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பெரிய வார்த்தையெல்லாம் வேண்டாம், பொறாமை. அவள் டென்மார்க் போகாவிட்டால்தான் என்ன என்று எனக்குள் ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருந்தது.

அவளால் காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை. எப்படி முடியும்? எச்.எம். மன்னிப்புக் கடிதம் எழுதினார். தவறுக்குக் காரணமான மாணவியை ஆராய்ச்சியிலிருந்து நீக்கிவிட்டோம் என்று அதில் இருந்ததாம். நோட்டு அக்கா பொறுப்பில் இருந்ததால் அந்த மாணவி அவள்தான் என்று ஆயிற்று. சார் அதை அப்படியே டைப் அடித்து அனுப்பினார். பதில் வந்தது என்றும், சார் அதற்குப் பதில் போடவில்லை என்றும் பிறகு சொன்னார்கள். சார் சனிக்கிழமைகளில் புத்தூர் போவது நின்றது. பிரம்பு திரும்பி வந்தது. கை பம்பு கணக்கு எழுதியவன் நோட்டைக் கிழித்துப் பட்டம் விட்டான். யாருமே டென்மார்க் போகவில்லை. கள்ளக் கணக்கு எழுதினவள் என்று ஊரில் அக்காவுக்குப் பேராகிவிட்டது. பெரியப்பா பத்தாவதோடு நிறுத்தினார். பத்தொன்பது வயதில் கல்யாணம்.

நான் பத்தாவது படிக்கும்போது லேப் பீரோவைச் சுத்தம் செய்யச் சொன்னார்கள். அந்த பிரிண்ட் எல்லாம் கரையான் அரித்தது போக மீதி கிடந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். அந்தப் பதினாறு நாளைப் பற்றிக் கேட்டிருந்த கடிதத்தில் குற்றம் எதுவும் சொல்லவில்லை. “எங்களுக்கு இந்த இடம் ரொம்பப் பிடித்திருக்கிறது. ஒரு மணி நேரம் பேசிப் பார்த்தோம், புரியவில்லை. உங்கள் ஊரில் என்ன நடந்தது? சீக்கிரம் எழுதுங்கள்” என்றுதான் இருந்தது. கீழே ஒரு பிள்ளை சிரிக்கிற முகம் வரைந்திருந்தது. முதன்முதலில் வந்த விதிமுறைத் தாளும் இருந்தது. அளக்க முடியாத நாளில் கட்டத்தைக் காலியாக விடுங்கள், பரவாயில்லை என்று ஒரு வரி. மற்ற விதிகளையெல்லாம் சார் பென்சிலால் அடிக்கோடு போட்டு எங்களுக்குச் சொன்னார். அந்த ஒன்றை மட்டும் குறுக்கே அடித்து வைத்திருந்தார். பிள்ளைகள் சோம்பேறியாகிவிடும் என்று நினைத்திருப்பார். நல்ல மனுஷன்தான், அவரைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை.

நான் மேலே படித்தேன். இப்போது பாகாலாவில் தபாலாபீசில் வேலை. அக்கா புத்தூரில் வாடகை வீட்டில் இருக்கிறாள், வீட்டுக்காரர் குவைத்தில் டிரைவர். போன மாதம் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். மகள் ஒன்பதாவது. அவள் பள்ளிக்கூடத்தில் வெளிநாட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்கிற சயின்ஸ் பிராஜக்ட் ஒன்றுக்கு அவளை எடுத்திருந்தார்கள். பெற்றவர் கையெழுத்து வேண்டும். அக்கா போட மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாள்.

“சின்னம்மா, நீங்களாவது சொல்லுங்க” என்று பெண் அழுதது.

“யார் சொன்னாலும் வாணாம்” என்றாள் அக்கா. “நாளைக்கு ஒரு நம்பரு புரியலன்னா பொய்க்காரினு பேர் வெச்சிடுவாங்க. நெசமா அளந்திருந்தாகூட. நான் பட்டது போதும். இன்னி வரைக்கும் எனக்கு அந்தக் கோடு ஏன் நேரா போச்சினு தெரியல.”

பெண்ணைக் கடைக்கு அனுப்பினேன். அக்கா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து சொன்னேன்.

“அக்கா, அந்தப் பதினாறு நாளும் நான் கெணத்துக்குப் போவவே இல்ல. எல்லாம் நானா எழுதினது.”

கத்தி நின்றது. “ஒரு நாள்கூடவா?”

“ஒரு நாள்கூட இல்லக்கா.”

“லைன்மேன்கிட்ட போய் நின்னேனே. நீயும் கூட வந்தியே.”

“வந்தேன்.”

அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் எழுந்து கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அந்தத் தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டு மகளின் பையில் வைத்தாள். எல்லாவற்றையும் மெதுவாகச் செய்தாள். என்னைப் பார்க்கவில்லை. காப்பி வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. நான் பையை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினேன். அழுகை வந்தது, அவள் முன்னால் அழ எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று அடக்கிக்கொண்டேன்.

வாசலைத் தாண்டும்போது கூப்பிட்டாள். திரும்பினேன். கோபமாக இல்லை. ஒன்பதாவது படித்த முகம் அப்படியே இருந்தது.

“அப்போ அந்தப் பதினாறு நாளும் கெணத்துல நெசமா தண்ணி எவ்ளோ கீழ இருந்துச்சி?”

அந்தக் கிணற்றை மூடி பிளாட் போட்டுப் பல வருஷம் ஆகிறது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“தெரியாதுக்கா” என்றேன்.